உருளைக்கிழங்கை உருட்டிய சிறுவன்!
பூல் ஆட்டத்தின் மன்னன் வில்லி மாஸ்கோனி

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு பெரிய நகரம். அங்கே 1913-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு வில்லியம் ஜோசப் மாஸ்கோனி என்று பெயர் வைத்தார்கள். வில்லி என்பது செல்லப் பெயர்.

அவர்கள் இத்தாலிய வம்சத்தைச் சேர்ந்த குடும்பம். தகப்பனார் ஜோசப் மாஸ்கோனி ஒரு காலத்தில் குத்துச்சண்டை வீரர். பிறகு சண்டையை விட்டுவிட்டு, பூல் ஆட்டக் கூடம் ஒன்று வைத்து நடத்தினார்.

பூல் என்றால் என்ன? அது பில்லியர்ட்ஸ் வகையைச் சேர்ந்த ஆட்டம். துணி விரித்த நீண்ட மேஜை. நான்கு மூலைகளில் நான்கு குழிகள். நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு குழி. ஆக, ஆறு குழிகள். வெள்ளைப் பந்து ஒன்று. வர்ணப் பந்துகள் பதினைந்து. ஆட்டக்காரர் கையில் நீளமான கோல் இருக்கும். கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிக்கலாம். அது உருண்டு போய் வர்ணப் பந்தை இடித்துக் குழியில் தள்ள வேண்டும்.

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். அங்கே ஸ்டிரைக்கர். இங்கே வெள்ளைப் பந்து. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஸ்டிரைக்கரைக் கையில் எடுத்து, கோட்டின் மேல் நமக்கு வசதியான இடத்தில் வைத்துக் கொள்ளலாம். பூல் ஆட்டத்தில் அது முடியாது. வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறதோ, அங்கிருந்துதான் அடுத்த அடி! இந்தச் சின்ன வித்தியாசத்தை முழுக்கப் புரிந்துகொண்டவன் வில்லி. அதனால்தான் அவன் மன்னன் ஆனான்.

பூட்டி வைத்த பந்துகள்

சொந்த ஆட்டக் கூடம் இருந்தும், மகன் கோலைத் தொடக்கூடாது என்று தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரணம் இல்லாமல் இல்லை. வில்லியின் உறவினர்கள் நடனத்தில் பெயர் எடுத்தவர்கள். மாஸ்கோனி சகோதரர்கள் என்றால் அந்த நாளில் அமெரிக்க நாடக மேடைகளில் பிரசித்தம். தன் மகனும் அவர்களைப் போல மேடை ஏற வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை.

இன்னொன்றும் உண்டு. பூல் கூடம் என்றாலே அந்த நாளில் மரியாதைப்பட்ட குடும்பங்கள் முகம் சுளிக்கும். அதற்குக் காரணம் அந்தப் பெயர்தான். பலரும் பணம் போட்டு ஒன்றாகச் சேர்க்கும் பந்தயத் தொகைக்குத்தான் முதலில் பூல் என்று பெயர். குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களைப் பூல் கூடம் என்றார்கள். பந்தய முடிவு வரும் வரை ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமே! அதற்காக அங்கே பில்லியர்ட்ஸ் மேஜைகளைப் போட்டு வைத்தார்கள். நாளடைவில் கூடத்தின் பெயர் ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. கூடத்தின் கெட்ட பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பையன் கேட்பானா? கோலும் பந்தும் கிடைக்காவிட்டால் என்ன? அம்மாவின் சமையல் அறையில் உருளைக்கிழங்கு இருந்தது. சின்னச் சின்னக் கிழங்காகப் பொறுக்கி எடுத்தான். பழைய துடைப்பத்தின் கழிதான் கோல். கிழங்கை மேஜை மேல் வைத்து அடித்துப் பழகினான்.

உருளைக்கிழங்கு பந்து மாதிரி நேராக ஓடாது. கோணல்மாணலாக உருளும். எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. அதைக் கொண்டு பழகியவனுக்கு நல்ல பந்து கிடைத்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

விஷயம் தகப்பனாருக்குத் தெரிந்தது. மகன் ஆடுவதைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. தடையும் போய்விட்டது. மகனோடு ஆடி ஜெயிக்க யாராவது உண்டா என்று அவரே விளம்பரம் செய்யத் தொடங்கினார்.

பெட்டி மேல் நின்றான்

வில்லிக்கு மேஜை எட்டவில்லை. ஒரு பெட்டியைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று ஆடினான். பல வருஷம் ஆடிப் பழகிய பெரியவர்கள் அந்தப் பொடியனிடம் தோற்றுப் போனார்கள்.

1919-ம் ஆண்டில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடு ஆயிற்று. எதிரே நின்றவர் சாமானியர் அல்ல. ரால்ப் கிரீன்லீப்! அந்தக் காலத்துப் பூல் ஆட்டத்தில் அவருக்கு மிஞ்சியவர் இல்லை. வில்லிக்கு வயது ஆறு. கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கிரீன்லீப்தான் ஜெயித்தார். ஆனாலும் ஜனங்கள் பேசியதெல்லாம் அந்தச் சிறுவனைப் பற்றித்தான்.

பதினோரு வயதில் அவன் சிறுவர்களுக்கான சாம்பியன். ஆனால் ஆட்டம் சலித்துவிட்டது. விளையாட வேண்டிய வயதில் காசுக்காக ஆடும் குழந்தைக்குச் சலிப்பு வருவதில் அதிசயம் இல்லை. கோலைக் கீழே வைத்தான். சில வருஷம் தொடவே இல்லை.

வயிறு கூப்பிட்டது

1929-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார மந்தம் வந்தது. பாங்கிகள் மூடின. தொழிற்சாலைகள் மூடின. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். வில்லி அப்போது நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்து வந்தார். அந்த வேலையும் போயிற்று.

வேறு என்ன தொழில் தெரியும்? ஒன்றுதான் தெரியும். விட்டெறிந்த கோலை மறுபடி கையில் எடுத்தார். சின்ன வயதில் அவருக்குப் பூல் ஒரு விளையாட்டு. இப்போது அதுவே சோறு. ஒரு பந்து தவறினால் பரிசுப் பணம் போய்விடும். தவறாமல் ஆடுவது எப்படி என்ற ஒரே யோசனையோடு ஆடினார்.

1933-ல் பிரன்ஸ்விக் என்ற பெரிய கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. பில்லியர்ட்ஸ் மேஜைகள் செய்து விற்கும் கம்பெனி அது. ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்ட வேண்டும். ஜனங்களுக்கு ஆட்டத்தில் ஆசை வர வேண்டும். மேஜை விற்க வேண்டும். கூடப் போனவர் யார் தெரியுமா? அதே கிரீன்லீப்!

நாடு முழுவதும் இருவரும் மோதிக்கொண்டார்கள். கிரீன்லீப் 57 ஆட்டங்களில் ஜெயித்தார். வில்லி 50 ஆட்டங்களில் ஜெயித்தார். அப்போது வில்லிக்கு வயது இருபது. கிரீன்லீப்பின் ஆட்டம் அழகு, நடை அழகு, உடை அழகு. குடிப் பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. வில்லி நல்லதை எடுத்துக்கொண்டார். கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து கண்ணியமாக மேஜைக்கு வருவார். இந்த ஆட்டம் சூதாடிகளின் ஆட்டம் அல்ல என்று காட்ட வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது. பூல் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. குழி பில்லியர்ட்ஸ் என்று சொல்வதையே விரும்புவார்.

பின்னாலிருந்து கணக்கு

வில்லி மிக வேகமாக ஆடுவார். ஒரு பந்து குழியில் விழும். அவர் அடுத்த பந்துக்கு நடந்துகொண்டிருப்பார். நின்று யோசிப்பதாகவே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு மாயம் போல இருக்கும். உண்மையில் அவர் யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்து முடித்துவிடுவார்.

அந்த யோசனை என்ன? இன்று உலகம் எங்கும் அதிகமாக ஆடப்படும் எட்டாம் பந்து ஆட்டத்தை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும்.

பதினைந்து பந்துகளில் 1 முதல் 7 வரை முழு வர்ணம். 9 முதல் 15 வரை பட்டை போட்டவை. நடுவே 8-ம் எண் கறுப்பு. ஒருவருக்கு ஒரு வகை. தன் ஏழு பந்துகளையும் போட்டுவிட்டு, கடைசியில் கறுப்பைப் போடுகிறவர் ஜெயித்தவர். அவசரத்தில் கறுப்பை முன்பே குழியில் தள்ளிவிட்டால் ஆட்டம் போச்சு!

புது ஆட்டக்காரர் என்ன செய்வார்? கண்ணுக்கு எது சுலபமோ, அதை அடிப்பார். ஒன்று விழும். இரண்டு விழும். ஐந்து, ஆறு கூட விழும். கடைசிப் பந்து வேறொரு பந்தோடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடக்கும். அதை அடிக்க வழி இருக்காது. முறை எதிரிக்குப் போய்விடும். இதுவரை அவருடைய பந்துகள் எதிரியின் பாதையை மறித்துக் கொண்டிருந்தன. இப்போது அவரே அவற்றை எல்லாம் எடுத்து, மேஜையைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார்! எதிரி சிரமம் இல்லாமல் ஆடி முடிப்பார். முழுவதும் முடிக்க வழி தெரியாதபோது, ஆறு பந்து போடுவதைவிட ஒன்றும் போடாமல் பத்திரமாக ஒதுங்கி ஆடுவது மேல். புதியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

தேர்ந்த ஆட்டக்காரர் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குவார். கறுப்பு எந்தக் குழிக்குப் போகும்? அதை அடிக்க வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அந்த இடத்துக்கு வெள்ளையை அலையவிடாமல் கொண்டுவரக்கூடிய பந்து எது? அந்தப் பந்தைத் தொடாமல் ஏழாவதாக வைத்துக்கொள்வார். ஆட்டக்காரர்கள் அதற்குச் சாவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவிக்கு முந்தியது எது? அதற்கும் முந்தியது எது? இப்படிப் பின்னோக்கி வந்து, முதல் பந்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகுதான் குனிந்து கோலை நீட்டுவார்.

ஒட்டிக்கிடக்கும் பந்துகளைப் பிரிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைசி வரை தள்ளிப் போடக்கூடாது. வேறு சுலபமான பந்துகள் மிச்சம் இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். பிரித்த பிறகு வெள்ளை எங்கே போய் நின்றாலும், அடிக்க ஏதாவது ஒன்று கிடைக்கும்.

இனி வெள்ளைப் பந்து. நேருக்கு நேர் உள்ள பந்தை அடிக்கும்போது, வெள்ளையை அதன் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே கோலால் தொட்டால், அது இடித்த இடத்திலேயே நின்றுவிடும். வேகம் முழுவதும் எதிர்ப் பந்துக்குப் போய்விடும். நடுவுக்கு மேலே தொட்டால், பின்னாலேயே ஓடும். நன்றாகக் கீழே தொட்டால், பின்வாங்கித் திரும்பி வரும். இவை எல்லாம் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். வில்லியின் தனித்திறமை, வெள்ளையை மேஜை முழுவதும் ஓடவிடாததுதான். அரை அடி, ஓர் அடி நகர்ந்தால் போதும் என்கிறபடி வரிசையை அமைத்துக்கொள்வார். தூரம் குறைந்தால் பிழையும் குறையும். பார்க்கிறவர்களுக்கு அவர் அடிப்பதெல்லாம் சுலபமான அடியாகத் தோன்றும். கஷ்டமான அடி வராமல் பார்த்துக்கொள்வதற்கே அத்தனை மூளை செலவாயிற்று.

வில்லி உலகப் பட்டங்கள் வென்றது எட்டாம் பந்து ஆட்டத்தில் அல்ல. அவருடைய ஆட்டம் ஸ்ட்ரெயிட் பூல். அதில் எந்தப் பந்தையும் அடிக்கலாம். எந்தப் பந்து, எந்தக் குழி என்பதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பந்துக்கு ஒரு பாயிண்ட். பதினான்கு பந்துகள் விழுந்ததும் அவற்றை எடுத்து மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிஞ்சிய ஒரு பந்தும் வெள்ளையும் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஒற்றைப் பந்தைக் குழியில் தள்ளும் அதே அடியில், வெள்ளை போய் அடுக்கையும் உடைக்க வேண்டும். அப்போதுதான் ஆட்டம் தொடரும். எனவே கடைசிப் பந்தும் அதற்கு முந்திய பந்தும் சரியான இடத்தில் அமைய வேண்டும். பத்துப் பதினைந்து பந்துகள் மேஜையில் சிதறிக் கிடக்கும்போதே இந்த இரண்டையும் வில்லி தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார்.

1941-ம் ஆண்டில் முதல் தடவையாக உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். 1957-க்குள் அதைப் பதினைந்து தடவை பெற்றுவிட்டார்.

ஸ்பிரிங்பீல்டு அதிசயம்

1954-ம் ஆண்டு மார்ச் மாதம் 19-ந் தேதி. ஓஹையோ மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கிளப். உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவருடன் வில்லி காட்சி ஆட்டம் ஆட வந்தார். யார் முதலில் 200 பாயிண்ட் எடுக்கிறாரோ, அவர் ஜெயித்தவர். எப்போதும் நடப்பதுதான். பெரிய பட்டமும் இல்லை. பெரிய பரிசும் இல்லை.

முறை வில்லிக்கு வந்தது. அடிக்கத் தொடங்கினார். ஐம்பது ஆயிற்று. நூறு ஆயிற்று. இடையில் ஒரு பந்தும் தவறவில்லை. இருநூறு! ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் வில்லி கோலைக் கீழே வைக்கவில்லை. தவறும் வரை ஆடிக் காட்டுவது அவருடைய வழக்கம்.

முந்நூறு. நானூறு. அடுக்குவார்கள், உடைப்பார். மறுபடி அடுக்குவார்கள், மறுபடி உடைப்பார். முப்பத்தைந்து தடவைக்கு மேல் அடுக்கினார்கள்! இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஐந்நூறைத் தாண்டினார். 526-வது பந்தும் விழுந்தது. 527-வது தவறியது.

அங்கே காமிரா இல்லை. படம் எடுக்கவில்லை. பிற்காலத்தில் யாரும் சந்தேகப்படக் கூடாது அல்லவா? கண்ணால் பார்த்தவர்கள் சாட்சிப் பத்திரம் எழுதினார்கள். முப்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரி முன்னிலையில் அது உறுதி செய்யப்பட்டது.

கை விழுந்தது

இதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு வில்லிக்கு ஒரு பெரிய இடி. பக்கவாதம்! வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மயிரிழை பிசகினால் பந்து தவறிவிடும் தொழிலில் இருப்பவருக்குக் கைதான் முதல். அந்தக் கை சொன்னபடி கேட்காவிட்டால்? இனி அவர் ஆட மாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். மறுபடி கோலைப் பிடித்தார். சின்ன வயதில் துடைப்பக் கழியால் பழகிய பொறுமை அவரிடம் மிச்சம் இருந்தது.

அந்தச் சமயத்தில் பூல் ஆட்டமே அமெரிக்காவில் மங்கிக்கொண்டு வந்தது. கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின. அதற்கு உயிர் கொடுத்தது ஒரு சினிமா.

1961-ல் வெளிவந்த படம் தி ஹஸ்ட்லர். பந்தயம் கட்டி ஆடி ஏமாற்றுகிறவனின் கதை. கதாநாயகன் பால் நியூமனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க வில்லியை அழைத்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள்! வாழ்நாள் முழுவதும் எந்தச் சூதாடிகளை வில்லி வெறுத்தாரோ, அவர்களுடைய கதைக்கு அவரே ஆசான். கோலைப் பிடிப்பது எப்படி, மேஜையைச் சுற்றி நடப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். கடினமான அடிகள் சிலவற்றில் திரையில் தெரியும் கை அவருடையதே. பந்தயப் பணத்தைக் கையில் வைத்திருப்பவராக ஒரு சின்ன வேடத்திலும் தலை காட்டினார். படம் பிரமாத வெற்றி. அமெரிக்கா முழுவதும் புதிய ஆட்டக் கூடங்கள் திறந்தன.

அந்தப் படத்தில் மின்னெசோட்டா பாட்ஸ் என்று ஒரு கதாபாத்திரம் உண்டு. அது தன்னைப் பற்றியதுதான் என்று ருடால்ப் வாண்டரோன் என்ற பந்தய ஆட்டக்காரர் சொல்லிக்கொண்டு, அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார். நாவலை எழுதிய வால்டர் டெவிஸ் அதை மறுத்தார். வில்லிக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாண்டரோன் வாய்ச் சொல்லில் வல்லவர். வில்லிக்குப் பேச வராது. இருவரையும் 1978-ல் நியூயார்க் நகரில் டெலிவிஷனுக்காக மோதவிட்டார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் பார்த்தார்கள். வாண்டரோன் பேசிக்கொண்டே இருந்தார். அறுபத்து நான்கு வயது வில்லி ஆடி ஜெயித்தார்.

பெயர் நின்றது

1968-ல் அமெரிக்க பில்லியர்ட்ஸ் சங்கத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 1993-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நியூஜெர்சி மாகாணத்தில் தம் வீட்டில் காலமானார். வயது எண்பது.

அடுத்த ஆண்டே, 1994-ல், அமெரிக்க அணிக்கும் ஐரோப்பிய அணிக்கும் இடையே ஒரு போட்டி தொடங்கியது. அதற்கு மாஸ்கோனி கோப்பை என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆடப்படுவது ஒன்பதாம் பந்து ஆட்டம். அவருடைய ஸ்ட்ரெயிட் பூல் அல்ல.

526 என்ற கணக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2019-ல் ஜான் ஷ்மிட் என்ற அமெரிக்கர் 626 பந்துகள் போட்டார். மாதக் கணக்கில் முயன்று, காமிரா முன்னால் ஆடி எடுத்த எண் அது. பிறகு 2022-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேசன் ஷா 714 போட்டு அதையும் கடந்தார்.

ஆனாலும் சச்சரவு ஓயவில்லை. ஸ்பிரிங்பீல்டு மேஜை எட்டு அடி நீளம். இவர்கள் ஆடியது ஒன்பது அடி மேஜை. எனவே இவர்களுடையதே பெரிது என்கிறார்கள் சிலர். முயற்சிக்கென்று நாள் குறித்து வராமல், ஒரே இரவில், சும்மா ஆடிக் காட்டப் போன இடத்தில் போட்டவர் வில்லி என்கிறார்கள் மற்றவர்கள்.